கவிஞரின் அண்ணன் கடை

செல்வி பெரியம்மா: அனைவருக்கும் காலை வணக்கம். கவிஞரும் ஓவியருமான கலீல் கிப்ரானின் பொன்மொழி ஒன்று அனுப்பியிருக்கிறேன், படியுங்கள்.

ராசு மாமா: படித்தேன் அக்கா. பொன்மொழி இருக்கட்டும், அந்தக் கவிஞர் வீட்டில் அடுப்பு எரிந்தது யார் சம்பாத்தியத்தில்?

யாழினி: கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான் மாமா! பாஸ்டனில் அவர் அண்ணன் பூத்ரோஸ் துணிமணிக் கடை வைத்திருந்தார். அம்மா கமீலாவின் முதல் கணவருக்குப் பிறந்தவர்.

செல்வி பெரியம்மா: லெபனான்காரர்கள்தானே? கவிஞரின் அப்பா என்ன ஆனார்?

யாழினி: பிஷர்ரி என்ற மலையூர். வரிப்பணத்தைக் கையாடினார் என்று அப்பாவைச் சிறையில் போட்டு, சொத்தையும் பறித்துக்கொண்டார்கள். விடுதலையான பிறகும் அவர் ஊரைவிட்டு நகரவில்லை. கமீலாதான் நான்கு பிள்ளைகளுடன் 1895இல் அமெரிக்காவில் வந்து இறங்கினார். லெபனான் அப்போது துருக்கிய ஆட்சியில் இருந்தது. அதனால் அமெரிக்காவில் இவர்களைச் சிரியாக்காரர்கள் என்றுதான் சொன்னார்கள்.

ராசு மாமா: கடைக்கு முதலீடு?

யாழினி: அம்மா சுமந்த மூட்டைதான். லேஸ், லினன் துணிகளைத் தூக்கிக்கொண்டு பணக்காரத் தெருக்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டி விற்றார். அதில் மிச்சம் பிடித்துத்தான் கடை வைத்தார்கள். தங்கைகள் மரியானாவும் சுல்தானாவும் கடையில் ஒத்தாசை. பள்ளிக்கூடம் போனது கலீல் மட்டும்.

செல்வி பெரியம்மா: பெண்பிள்ளைகள் என்றால் அங்கேயும் இதே கதைதானா!

ராசு மாமா: கவிஞர் கல்லாவில் உட்காரவே இல்லையா?

யாழினி: உட்கார நேர்ந்தது. பெய்ரூட்டுக்குப் படிக்கப் போனவர் 1902இல் திரும்பினார். அந்த ஏப்ரலில் சுல்தானா காசநோயில் இறந்தாள், வயது 14. அடுத்து பூத்ரோஸுக்கும் அதே நோய். இடம் மாறினால் தேறலாம் என்று அவர் கியூபாவுக்குப் போக, கடை தம்பி தலையில் விழுந்தது. 1903 மார்ச்சில் அண்ணன், ஜூனில் புற்றுநோயில் அம்மா.

செல்வி பெரியம்மா: ஐயோ! ஒன்றேகால் வருடத்தில் மூன்று சாவா?

ராசு மாமா: கடை?

யாழினி: கலீல் விற்றுவிட்டார்.

ராசு மாமா: தெரிந்ததுதான். படம் வரைகிற கைக்குத் துணி அளக்க வருமா? சரி, சாப்பாட்டுக்கு?

யாழினி: மரியானா தையற்கடை வேலைக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் இருவரும் சாப்பிட்டார்கள். 1904இல் அவர் ஓவியக் கண்காட்சி வைத்தபோதும் வீட்டுச் செலவு அவள் ஊசியில்தான்.

செல்வி பெரியம்மா: அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லையே.

ராசு மாமா: பூத்ரோஸுக்குக் கடன் பாக்கி வைத்தவர்கள் கொடுத்தார்களா என்று பார்த்துச் சொல் யாழினி. எனக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது.