கையில் பால் பாட்டில் இருக்கும்வரை பாப் (மக்காச்சோள மாவுக் கூழ்) எப்படி இறங்கும்?

சாட்ஸ்வர்த் அக்கா:
இங்கே டர்பன் பக்கத்துக் கிளினிக் வரிசையில் பார்த்த ஒரு பிள்ளை கண்ணிலேயே நிற்கிறது. இரண்டேகால் வயசு. ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் (பிள்ளையின் எடை, தடுப்பூசி எழுதும் கிளினிக் புத்தகம்) எடைக்கோடு ஆறு மாசமாகப் படுத்துக் கிடக்கிறது. ஆயா கையில் பாப் கிண்ணம், பிள்ளை கையில் பால் பாட்டில். "ஒரே வாய்டா கண்ணு" என்று கரண்டி கிட்டே வந்ததும் பாட்டிலைத் தூக்கி வாயை அடைத்துக்கொண்டது. நர்ஸ் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது.

டோங்காட் மாமி:
பாட்டில்தான் வம்பு. ஒரு வயசுக்கு மேல் நாளுக்கு 500 மி.லி. பால் போதும். கூடினால் வயிறு பாலிலேயே ரொம்பிவிடும். பாலில் இரும்புச்சத்து சொற்பம்; ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்திக்கும். பாலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் கோப்பையில் கொடுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு சிறுதீனி, நடுவே இரண்டு மூன்று மணி நேர இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். சர்க்கரை போட்ட ரூய்போஸ் மூலிகைத் தேநீரும் ஜூஸும் பசியைக் கொல்லும்.

கரண்டியைச் சாய்த்தால் பாப் வழியக்கூடாது. வெந்த அரைக் கோப்பைக்கு ஒரு டீஸ்பூன் சன்ஃபிளவர் எண்ணெய் (40 கலோரி) அல்லது ஒரு டேபிள்ஸ்பூன் பீனட் பட்டர் (90க்கு மேல்). பீனட் பட்டர் முதல் தடவை என்றால் கால் டீஸ்பூன், பகலில். தடிப்பு, உதடு வீக்கம் வருகிறதா பாருங்கள். முழுக் கடலை 5 வயசு வரை கூடாது, மூச்சுக்குழலில் அடைக்கும்.

வெருலம்காரன்:
மாமி, எண்ணெய் எடையை ஏற்றும், ரத்தத்தை ஏற்றாது. வெளுத்த பிள்ளைக்கு சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ் பருப்பு), முட்டை, வாரம் ஒருமுறை ஒரு கரண்டி கோழி ஈரல். பீன்ஸை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலில் நசுங்கும்வரை வேகவிடுங்கள். கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு உடம்பில் ஒட்டும். கூடவே தேத்தண்ணீர் கொடுத்தால் ஒட்டாது. கறியைக் கழுவிக் காரம் எடுப்பது வீண் வேலை, மிளகாய்த்தூள் விழுமுன்னே பிள்ளை பங்கை எடுத்துவிடுங்கள். குடற்பூச்சி மருந்தும் வைட்டமின் ஏ-யும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை கொடுத்தார்களா, அதையும் புத்தகத்தில் பாருங்கள்.

ஃபீனிக்ஸ் தாத்தா:
மூக்கைப் பிடித்து ஊட்டினால் தானே இறங்கும்.

டோங்காட் மாமி:
இறங்காது, புரையேறும். நாளைக்குக் கிண்ணத்தைக் கண்டாலே அழும். அரை மணிக்குள் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். புது உணவை ஒரு ஸ்பூன் மட்டும் வையுங்கள். பத்துப் பதினைந்து முறை வைத்த பிறகுதான் சில பிள்ளைகள் தொடும். மேல்கையின் (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே) சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழ் இருந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ இதெல்லாம் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சாட்ஸ்வர்த் அக்கா:
எல்லாம் சரி. அந்த ஆயா நர்ஸிடம் கேட்டது ஒன்றுதான்: "பாட்டில் இல்லாமல் எப்படித் தூங்கவைப்பேன்?" அதற்கு இங்கேயும் பதில் இல்லையே.

வெருலம்காரன்:
தூங்கும்போது கொடுக்கும் பாட்டில் பாலை இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை 30 மி.லி. குறையுங்கள். 60க்கு வந்ததும் நிறுத்திவிடலாம். இரண்டு மூன்று நாள் அழும்.