கேயூனிட்: ஒர்க்கியூவில் ஓடும்போது மட்டும் ஸ்டப் பிடிக்கவில்லை

கேள்வி (மாரத்தஹள்ளி)

ஐ2சி (இரண்டு கம்பி பஸ்) வழியாக இணையும் ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக்கும்) சிப் ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர், கர்னல் 6.6. போர்டு ஒன்றுதான் இருக்கு, அதுவும் ஒயிட்ஃபீல்ட் லேபில். அதனால் ஹார்ட்வேர் இல்லாமல் யூஎம்எல்-லேயே (கர்னலைச் சாதாரண புரோகிராமாக ஓட்டுவது) கேயூனிட் (கர்னலின் யூனிட் டெஸ்ட் கட்டமைப்பு) ஓட்டுகிறேன்.

ரெஜிஸ்டர் படிக்க, எழுத இரண்டு குட்டி ஃபங்ஷன்கள். இரண்டிலும் முதல் வரியில் ஸ்டேடிக் ஸ்டப் ரீடைரக்ட் மேக்ரோ (டெஸ்டில் அசலுக்குப் பதில் போலி ஃபங்ஷனை ஓட்டுவது). டெஸ்டில் அவற்றை 256 பைட் அரே ஒன்றுக்குத் திருப்பிவிடுகிறேன். கேலிபரேஷனை நேரடியாகக் கூப்பிட்டால் பாஸ். அதையே ஷெட்யூல்_ஒர்க் வழியாக ஒர்க்கியூவுக்கு (பின்னணி த்ரெட்டில் ஓடும் வேலை வரிசை) விட்டு ஃப்ளஷ்_ஒர்க்கில் காத்திருந்தால், நிஜ ஐ2சி கோடுக்குள் போய் நல் பாயின்டரில் கர்னல் விழுது. ரேஸாக (இரண்டு த்ரெட்டுகளின் நேரப் போட்டி) இருக்குமோ என்று டிலே போட்டும் மாற்றமில்லை.

பதில் (எலக்ட்ரானிக் சிட்டி)

ரேஸ் இல்லை ப்ரோ. அந்த மேக்ரோ, இப்போ ஓடுற டாஸ்க்கில் கேயூனிட்_டெஸ்ட் பாயின்டர் இருக்கான்னு பார்க்கும். டெஸ்டோட கேத்ரெட்டில் மட்டும்தான் அது இருக்கும். ஒர்க்கியூவை ஓட்டுற கேஒர்க்கர் த்ரெட்டில் அது நல், அதனால அசல் ஃபங்ஷனே ஓடும். த்ரெடட் ஐஆர்கியூவிலும் (இன்டரப்ட்டைத் தனி த்ரெட்டில் கையாளுறது) இதே கதைதான். டைமர் கால்பேக் இன்னும் மோசம்: அந்த நேரத்தில் எந்த டாஸ்க் குறுக்கிடப்பட்டதோ அதைப் பொறுத்து, ஒரு தடவை பிடிக்கும், ஒரு தடவை பிடிக்காது.

ஸ்டப்பை விட்டுடுங்க. போலி சிப், த்ரெட்டோட இல்லாம டிவைஸோட ஒட்டிக்கிட்டு வரணும். அதுக்கு ரெக்மேப் (ரெஜிஸ்டர் படிக்க, எழுத கர்னல் தர்ற பொது அடுக்கு) போதும். புரோபை (டிவைஸ் கிடைச்சதும் ஓடுற துவக்க ஃபங்ஷன்) ரெண்டா உடைங்க: ஐ2சி புரோப், ரெக்மேப்பை உருவாக்கி, டிவைஸ், ரெக்மேப், ஐஆர்கியூ எண் மூணையும் கோர் புரோபுக்குக் கொடுக்கட்டும். டெஸ்டில் நீங்களே ஒரு ரெக்மேப்_பஸ் ஸ்ட்ரக்ட் எழுதி, அதில் ரெக்_ரீட், ரெக்_ரைட் ரெண்டையும் நிரப்பி, டெவ்எம்_ரெக்மேப்_இனிட்டுக்குக் கொடுங்க. கான்டெக்ஸ்ட் பாயின்டரில் போலி சிப் ஸ்ட்ரக்ட். எந்த த்ரெட்டில் ஓடினாலும் அது கூடவே வரும். டிரைவர் கோடில் டெஸ்ட் மேக்ரோ ஒண்ணுகூட மிஞ்சாது.

கேயூனிட்_டிவைஸ்_ரெஜிஸ்டர் 6.8-லதான் வந்தது. 6.6-ல் ரூட் டிவைஸ் ஒண்ணைப் பதிவு பண்ணி எக்ஸிட்டில் நீக்கிடுங்க.

கேள்வி (மாரத்தஹள்ளி)

நன்றி பாஸ், மாற்றிவிட்டேன், ஒர்க்கியூ சரி. இப்போ ஐஆர்கியூ த்ரெட் நிற்கவே மாட்டேங்குது. ஸ்டேட்டஸ் பூஜ்யம் ஆகும்வரை சுற்றும் லூப் அது. ஸ்டேட்டஸ் 0எக்ஸ்05, ஒவ்வொரு பிட்டாக ரெக்மேப்_அப்டேட்_பிட்ஸ் வைத்து கிளியர் செய்கிறேன் (டேட்டாஷீட்: 1 எழுதினால் கிளியர்). போலி சிப்பின் ரைட் கவுன்ட் பூஜ்யமாகவே நிற்குது.

பதில் (கே.ஆர்.புரம்)

அந்தப் பூஜ்யம் டெஸ்டின் தவறல்ல, டிரைவரின் பக். அப்டேட்_பிட்ஸ் முதலில் படிக்கும், மாஸ்க்கில் மதிப்பைப் பொருத்தும், பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் எழுதாது. 0எக்ஸ்05-ல் 0-ஆம் பிட்டை 1 ஆக்கினாலும் 0எக்ஸ்05தான். நிஜ போர்டிலும் இந்த லூப் நிற்காது.

ரெக்மேப்_ரைட்_பிட்ஸுக்கு மாற்றிவிடாதீர்கள். அது கட்டாயமாக எழுதும், ஆனால் எழுதுவது 0எக்ஸ்05. கையாளாத 2-ஆம் பிட்டும் கூடவே கிளியராகி ஒரு இன்டரப்ட் காணாமல் போகும். வெறும் ரெக்மேப்_ரைட், மதிப்பு 0எக்ஸ்01.

அதோடு போலியையும் திருத்துங்கள். அரேயில் 0எக்ஸ்01 எழுதினால் அரேயில் 0எக்ஸ்01 இருக்கும், லூப் தொடரும். அரே என்பது ரேம், சிப் இல்லை. ஸ்டேட்டஸுக்கு எழுதினால் அந்த பிட்டுகள் அணைய வேண்டும். ரீசெட் பிட் எழுதினால் எல்லாம் டீஃபால்ட்டுக்குப் போய், இரண்டு மூன்று ரீட் கழித்து அந்த பிட் தானே விழ வேண்டும். டேட்டாஷீட்டில் ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் எதிரே இருக்கும் ‘டைப்’ நெடுவரிசையை அப்படியே ரெக்_ரைட்டுக்குள் ஒரு ஸ்விட்ச்சாக எழுதினால் பாதி வேலை முடிந்தது. ரெக்மேப்பில் கேஷ் இருந்தால் ஸ்டேட்டஸை வாலடைல் (கேஷ் செய்யக்கூடாத ரெஜிஸ்டர்கள்) பட்டியலில் சேருங்கள். சேர்க்காவிட்டால் பழைய மதிப்பு கேஷிலிருந்தே வரும், உங்கள் ரெக்_ரீட்டை யாரும் தொடமாட்டார்கள்.

போலியின் கால்பேக்கில் கேயூனிட் அசெர்ட் போடவே போடாதீர்கள். ரெக்மேப்பின் லாக் பிடித்திருக்கும்போதுதான் அது ஓடுகிறது. அசெர்ட் தோற்றால் த்ரெட் அங்கேயே வெளியேறும், லாக் பிடித்தபடியே கிடக்கும், அடுத்து அந்த ரெக்மேப்பைத் தொடுபவர் தொங்குவார். தவறை ஒரு கவுன்டரில் ஏற்றிவிட்டு டெஸ்ட் த்ரெட்டில் சரிபாருங்கள்.

பதில் (எலக்ட்ரானிக் சிட்டி)

ஐஆர்கியூவை எப்படித் தூண்டுறீங்கன்னு சொல்லலை. ஹேண்ட்லரை நேரா கூப்பிட்டா ரிக்வெஸ்ட் பண்ற பகுதி சோதிக்கப்படாம போயிடும். ஐஆர்கியூ_சிம் (போலி இன்டரப்ட் தர்றது) டொமைன் உருவாக்கி, பெண்டிங் ஸ்டேட்டை ட்ரூ ஆக்குங்க. உடனே ரிசல்ட்டைப் பார்க்காதீங்க. ஸ்டேட்டஸ் பூஜ்யமானதும் போலி சிப்பே ஒரு கம்ப்ளீஷனை (வேலை முடிஞ்சதுன்னு காத்திருக்கிற த்ரெட்டுக்குச் சொல்ற குறி) எழுப்பட்டும், டெஸ்ட் அதுக்கு டைம்அவுட்டோட காத்திருக்கட்டும்.

கேள்வி (மாரத்தஹள்ளி)

ஸ்டேட்டஸ் டெஸ்ட் பாஸ். இன்னொன்று: ரெடி பிட் வராத டெஸ்ட் 2 விநாடி டைம்அவுட் முழுக்கக் காத்திருக்கிறது. டைம்அவுட்டைக் குறைக்க விருப்பமில்லை.

பதில் (கே.ஆர்.புரம்)

குறைக்க வேண்டாம். .கேயூனிட்கான்ஃபிகில் யூஎம்எல்_டைம்_ட்ராவல்_சப்போர்ட் ஆன் செய்து, --கர்னல்_ஆர்க்ஸ் வழியாக டைம்-ட்ராவல்=இன்ஃப்-சிபியு கொடுங்கள். தூங்கும் நேரத்தை யூஎம்எல் தாண்டிக் குதித்துவிடும். இந்த ஆப்ஷன் யூஎம்எல்லுக்கு மட்டும்தான். டிஎம்ஏ, பேரியர், ஐ2சி கிளாக் ஸ்ட்ரெச்சிங் மாதிரி விஷயங்களுக்கு எப்படியும் ஒயிட்ஃபீல்ட் லேபுக்குப் போய்த்தான் ஆகணும்.