எடை அதிகமில்லை, ஆனால் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்கிறார்கள். பயப்படணுமா?

புத்தூர் செல்வி:
வணக்கம். வீட்டுக்காரருக்கு வயது 38. சொந்த ஊர் நகரி, இப்போது திருப்பதியில் இருக்கிறோம். துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறார். காலையில் சீட்டில் உட்கார்ந்தால் ராத்திரி கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பார். அப்புறம் பத்தரைக்குச் சாப்பாடு, உடனே படுக்கை. உயரம் 168 செ.மீ., எடை 68 கிலோ. போன வாரம் எடுத்த டெஸ்டில் இடுப்பு 96 செ.மீ., ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஒரு வகைக் கொழுப்பு) 212, நல்ல கொழுப்பு 36, பிரஷர் 134/88, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. டாக்டர் மாத்திரை எழுதவில்லை, வயிற்றைக் குறைக்கச் சொன்னார். மாமியாரோ, "ஆம்பளைக்குக் கொஞ்சம் தொப்பை இருந்தாத்தான் லட்சணம்" என்கிறார். கை கால் ஒல்லிதான். இது நோயா? தினமும் களி கிண்டிக் கொடுத்தால் சரியாகுமா?

சித்தூர் லேப்:
சகோதரி, நான் லேபில் வேலை செய்பவன். இந்த மாதிரி ரிப்போர்ட் தினமும் என் கையில் வருகிறது, அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' தனி நோயின் பெயரல்ல, சில கோளாறுகள் சேர்ந்து வருவது. நீங்கள் எழுதிய ஐந்தில் மூன்று எல்லை தாண்டினாலே இந்தப் பெயர் வைப்பார்கள். அவருக்கு ஐந்துமே தாண்டியிருக்கின்றன. ட்ரைகிளிசரைடுக்கு 150, ஆண்களின் நல்ல கொழுப்புக்கு 40 (இது மட்டும் குறையக் கூடாது), பிரஷருக்கு 130/85, சர்க்கரைக்கு 100 எல்லை. இடுப்பில் நம் நாட்டவருக்குத் தனி அளவு: ஆண் 90, பெண் 80 செ.மீ.

எடையை நம்பாதீர்கள். நம்மில் பலருக்குக் கை கால் மெலிந்திருக்கும், கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும். அதுதான் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுப்பது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் நிற்பதும் அந்த வாசலில்தான். திரும்பி வர இன்னும் வழி இருக்கிறது.

இடுப்பை அளக்கும்போது டேப்பை பேண்ட் போடும் இடத்தில் வைக்காதீர்கள், தொப்பைக்குக் கீழே போய் அளவு குறைத்துக் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், தரைக்குச் சமமாகச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்டபின் பாருங்கள். எக்கிக்கொள்ள விடாதீர்கள்!

தறிக்காரர், ஏகாம்பரகுப்பம்:
அம்மா, களியை மட்டும் நம்ப வேண்டாம். தறி ஓட்டிய காலத்தில் நாங்கள் காலையில் பெரிய உருண்டை சாப்பிடுவோம். நூல் அறுந்தால் ஓடணும், தார் (நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தால் மாத்தணும், நாள் முழுக்கக் கால் நிற்காது. அதே உருண்டையைத் தின்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் எங்கே போகும்? நம் ஊர் கேழ்வரகுக் களியான சங்கடியில் அரிசியும் சேர்கிறது, மாவும் நைசு. பாதி உருண்டை போதும், கூடவே கீரையும் பருப்பும் நிறைய வையுங்கள்.

புத்தூர் செல்வி:
நன்றி ஐயா. மாதம் ஒருமுறை திருமலைக்கு அலிப்பிரி படி ஏறுகிறார். அது போதாதா?

சித்தூர் லேப்:
3550 படி ஏறுவது பெரிய விஷயம்தான், சகோதரி. ஆனால் மீதி நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் பலன் நிற்காது. வாரத்துக்கு 150 நிமிஷ நடை வேண்டும். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களை மூன்று வருஷம் போலத் தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டது. நடை, சாப்பாட்டை மாற்றியவர்களில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் தராசைப் பார்த்துச் சோர்ந்து விட்டுவிட வேண்டாம்.

ராத்திரிச் சாப்பாட்டைக் கடைக்கே எட்டு மணிக்குக் கொடுத்தனுப்ப முடியுமா பாருங்கள். கடை சாத்தியபின் வீட்டுக்கு நடந்தே வரட்டும். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சியும் (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) கொழுப்பும் எடுங்கள். அதற்கு முந்தின ராத்திரி எட்டுக்கு மேல் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். இந்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.