அதே அனலிஸ்ட் வேலைதான், சம்பளம் ஏன் இப்படி? வெளிநாடு போன சேலத்துப் பிள்ளைகளுக்கு

கேள்வி: அம்மாப்பேட்டை, இப்போ ஹார்ட்ஃபோர்டு

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலத்துல பி.காம். முடிச்சு, அமெரிக்காவுல மேல படிச்சுட்டு, ஹார்ட்ஃபோர்டுல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில ஃபைனான்சியல் அனலிஸ்ட்டா (வரவு செலவை அலசிக் கணிச்சுச் சொல்ற வேலை) இருக்கேன். எச்-1பி விசா, அதாவது கம்பெனி மனு போட்டு வாங்கித் தர்ற வேலை விசா. கூடப் படிச்ச பையன் நியூயார்க்ல ஒரு பேங்க்ல அதே பதவி, ஆனா என்னைவிட ரொம்பவே கூட வாங்குறான். அவங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே தெரு, ரெண்டு வீட்டுலயும் தறி. கேக்கணுமா? "உன்னை ஏமாத்திட்டாங்களா கண்ணு"ன்னு அப்பா வாராவாரம் கேக்குறாரு. நியூயார்க் போயிடவா? டெக்சாஸ்ல மாநில வருமான வரியே இல்லைங்கறாங்களே, அங்க போகவா?

பதில்: ஃபேர்லாண்ட்ஸ், முன்னாடி நியூஜெர்சி

யாரும் ஏமாத்தலை கண்ணு. அப்பாகிட்ட நம்ம ஊர்க் கணக்கா சொல்லு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில ஒரு கணக்குப்பிள்ளை, ஆத்தூர் ரோட்டு சேகோ ஆலையில ஒருத்தர், ஏற்காட்டு காப்பி எஸ்டேட்ல ஒருத்தர். மூணு பேரும் எழுதுறது அதே வரவு செலவுதான். மூணு முதலாளியும் ஒரே சம்பளமா குடுப்பாங்க? எந்தத் தொழில்ல ஒரு ஆளுக்கு எவ்வளவு பணம் புரளுதோ, அவர் கணக்கு முதலாளி லாபத்துக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கோ, அதை வெச்சுத்தான் கூலி.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023ல எடுத்த கணக்குப்படி ஃபைனான்சியல் அனலிஸ்ட்டுகளோட நடுமட்டச் சம்பளம் (பாதிப் பேர் இதுக்கு மேல, பாதிப் பேர் கீழ) வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர். தொழில்வாரியா பிரிச்சா பங்குச் சந்தை, முதலீட்டு நிறுவனங்கள் மேல இருக்கும், இன்சூரன்ஸ் கீழ இருக்கும். உன் பட்ஜெட் கணக்கு கம்பெனிக்குச் செலவைக் காட்டுது. அவனோட மாடல் (வருங்கால வரவு செலவுக் கணிப்பு) கம்பெனியை வாங்குற, விக்கிற மாதிரி ஒரு டீலை முடிக்க உதவுது, அந்த டீல்ல கமிஷன் வருது. அதான் சங்கதி.

இன்னொண்ணு, அவன் சொன்ன தொகையில போனஸ் எவ்வளவுன்னு கேட்டியா? பேங்க்ல, அதுலயும் டீல் பண்ற பக்கம், போனஸ்தான் பெரிய பங்கு. சந்தை படுத்தா அதுவும் படுத்துடும். 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ் விழுந்தப்போ போனஸை விடுங்க, வேலையே போய் பெட்டியைத் தூக்கிட்டு வந்தவங்க எத்தனையோ பேர். அந்த வேலையில வாரம் எழுபது, எண்பது மணி நேரம் சாதாரணம். சம்பளத்தை மணிக்கணக்கால வகுத்துப் பாரு, பாதி பொறாமை அங்கேயே அடங்கிடும். (மீதிப் பாதிக்கு என்கிட்ட மருந்து இல்லை.)

அடுத்தது ஊர். நியூயார்க் நகரத்துக்குள்ள குடியிருந்தா மாநில வரிக்கு மேல நகர வரியும் உண்டு. ஒரு லட்சம் டாலர் வாங்குற தனி ஆளுக்கு இந்த ரெண்டும் மட்டும் சேர்ந்து 8,000 டாலரைத் தாண்டும். ஃபெடரல் வரி, சோஷியல் செக்யூரிட்டி எல்லாம் தனி. நகர வரி அங்க குடியிருக்கறவங்களுக்குத்தான். அதனாலதான் நம்மாளுங்க நிறைய பேர் ஜெர்சி சிட்டியில வீடு எடுத்துட்டு ஆத்தைத் தாண்டி வேலைக்குப் போறது. டெக்சாஸ்ல மாநில வருமான வரி இல்லைங்கறது நிஜம். ஆனா அங்க சொத்து வரி கூட, வீட்டு ஓனர் அதை உன் வாடகையில ஏத்திடுவாரு. கார் இல்லாம ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது.

நீ எச்-1பி, அதனால ஊர் மாறுறது பஸ் மாறுற மாதிரி கிடையாது. அதே கம்பெனியிலயே வேற பெருநகர வட்டாரத்துக்கு நிரந்தரமா மாறினாலும் கம்பெனி திருத்த மனு போட்டாகணும். உன் விசாவுக்குக் குறைஞ்சபட்சச் சம்பளம் வேலையையும் வட்டாரத்தையும் வெச்சு நாலு நிலையா முடிவாகுது. ஒண்ணாம் நிலைன்னா புதுசா வந்தவங்க. தொழிலாளர் துறை தளத்துல உன் வேலை, உன் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) போட்டா நாலு நிலைக்கும் தொகை வரும். எச்-1பிக்காகக் கம்பெனிகள் வேலை, ஊர், சம்பளத்தைச் சொல்லித் தாக்கல் பண்ற எல்.சி.ஏ.ங்கற விண்ணப்ப விவரமும் அங்கேயே கிடைக்குது: எந்தக் கம்பெனி, எந்த ஊர், எந்தப் பதவி, எவ்வளவு. தெருப் பேச்சைவிட இது நம்பகமான கணக்கு.

நான் உன் இடத்துல இருந்தா ஊரை விட்டுட்டுத் தொழிலைத்தான் முதல்ல பார்ப்பேன். ஹார்ட்ஃபோர்டே இன்சூரன்ஸ் தலைநகரம். அந்தக் கம்பெனிகளோட கோடிக்கணக்கான பிரீமியத்தை முதலீடு பண்ண தனிப் பிரிவு இருக்கும். பட்ஜெட் மேசையில இருந்து அந்தப் பக்கம் நகரப் பாரு. சி.எஃப்.ஏ.ங்கற முதலீட்டுத் துறைப் பரீட்சையில முதல் லெவல் கையில இருந்தா பேச்சு சுலபமா ஆரம்பிக்கும். வீடும் மாத்த வேண்டாம்.

பதில்: ஆத்தூர், இப்போ துபாய்

இங்க வர்ற தம்பிங்களுக்கு ஒரு வார்த்தைங்க. வருமான வரி இல்லைன்னு துள்ளாதீங்க, ஆஃபர் லெட்டர்ல பேசிக் எவ்வளவுன்னு பாருங்க. மாசம் 20,000 திர்ஹாம்னு ரெண்டு ஆஃபர் வெச்சுக்குவோம். ஒண்ணுல பேசிக் 8,000, மீதி வீட்டுப்படி, போக்குவரத்துப்படி. இன்னொண்ணுல பேசிக் 12,000. கையில வர்றது ஒண்ணுதான். ஆனா வேலையை விடும்போது வர்ற கிராஜுவிட்டி, முதல் அஞ்சு வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் பேசிக். முதல் ஆளுக்கு வருஷம் 5,600, ரெண்டாவது ஆளுக்கு 8,400. அஞ்சு வருஷத்துல 14,000 திர்ஹாம் வித்தியாசம். பேசிக்கைக் கூட்டச் சொல்லிக் கேக்கறதுல வெக்கம் எதுக்குங்க? கையெழுத்துக்கு முன்னாடி கேட்டாத்தான் உண்டு.

பதில்: சூரமங்கலம், இப்போ சிங்கப்பூர்

இங்க அரசாங்கமே தொழில்வாரியா பிரிச்சு வெச்சிருக்குங்க. 2025 ஜனவரியில இருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வெளிநாட்டு ஆபீஸ் ஊழியருக்கான வேலை அனுமதி) புதுசா கேக்க மாசச் சம்பளம் குறைஞ்சது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித்துறைன்னா 6,200. வயசு கூடக் கூட அந்த அளவும் ஏறும். அதனால நாப்பது வயசுல வர்ற அண்ணன்மார் சின்னப் பசங்க வாங்குற தொகையை வெச்சு மனக்கணக்குப் போடாதீங்க.

பதில்: ஓமலூர், இப்போ சிட்னி

ஆஸ்திரேலியாவுல சொல்ற சம்பளம் சூப்பர் (முதலாளி கட்டுற ஓய்வுக்கால நிதி, நம்ம பி.எஃப். மாதிரி) சேர்த்தா, சேர்க்காமலான்னு கேளுங்க. 2025 ஜூலையில இருந்து சூப்பர் 12 சதவீதம். 1,00,000 டாலர் "பேக்கேஜ்"னு சொன்னா அதுல சம்பளம் கிட்டத்தட்ட 89,300 தான்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றிங்க அக்கா. என் எல்.சி.ஏ.வுல எந்த நிலைன்னு எனக்குத் தெரியாது. ஆபீஸ்ல கேட்டா தப்பா நினைப்பாங்களா?

பதில்: ஃபேர்லாண்ட்ஸ்

இதுல என்ன கண்ணு தப்பு? வேலையில சேர்ற நாளுக்குள்ள அதோட நகலை உன் கையில குடுத்திருக்கணும், அது சட்டம். எச்.ஆருக்கு ரெண்டு வரி மெயில் போடு. வந்ததும் சம்பள நிலைங்கற இடத்தைப் பாரு. ஒண்ணுன்னு இருந்து, நீ ரெண்டு வருஷமா தனியா மாசக் கணக்கு முடிக்கறவளா இருந்தா, அடுத்த அப்ரைசல்ல அந்தத் தாளையும் உங்க கவுண்டியோட ரெண்டாம் நிலைத் தொகையையும் மேசை மேல வெச்சுப் பேசு.