டொயோட்டா 86: செப்பாங்கில் விஎஸ்சி குறுக்கே வருது, முழுசா அணைச்சிடலாமா?

ரவாங் 86:

எல்லாருக்கும் வணக்கம். என் காடி 2013 டொயோட்டா 86, மேனுவல் கியர். செகண்ட் ஹேண்டா வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது. இஞ்சின்ல கை வைக்கல. டயர் நாலும் ஒரே மாடல், 215/45 ஆர்17.

போன மாசம் செப்பாங் ரேஸ் ட்ராக்ல என்னோட மூணாவது ட்ராக் டே (சொந்தக் காடியை ட்ராக்ல ஓட்டுற நாள்). காலையில தரை நல்லா காய்ஞ்சிருந்துச்சு. வளைவுக்குள்ள சரியாத்தான் போறேன். வெளிய வரும்போது ஆக்சிலரேட்டரை மிதிச்சா டாஷ்போர்டுல சறுக்குற காடி படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்குது, காடி சறுக்காம பார்த்துக்குற விஎஸ்சி குறுக்கே வந்து பவர் செத்துப்போகுது. ஒண்ணு ரெண்டு நொடி யாரோ பின்னாலேர்ந்து பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு. பின்னால வர்றவங்க வந்து மோதிடுவாங்களோன்னு பயம். முதல் ரெண்டு ட்ராக் டேயிலும் இந்த அளவுக்கு இல்லை. வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தா பின் பிரேக் பேட் நிறைய தேஞ்சிருக்கு.

இன்னொன்னும் சொல்லணும். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உலு யாம் ரோட்ல, மழை விட்ட கையோட, டிஆர்சி (சக்கரம் வீணா சுத்தாம பார்க்குற டிராக்‌ஷன் கன்ட்ரோல்) ஆஃப் பட்டனை ஒரு தட்டு தட்டிட்டு ஓட்டினேன். இறக்கத்துல ஒரு வளைவுல வால் வெளிய போச்சு. நான் திருப்புறதுக்குள்ள காடி தானா நேராச்சு. எதிர்ல வண்டி இல்லை. பக்கத்துல தங்கச்சி உட்கார்ந்திருந்தா. அன்னையிலேர்ந்து அந்த வளைவு கண்ணுக்குள்ளயே நிக்குது. எல்லாத்தையும் அணைச்சாச்சுன்னு நினைச்சிருந்தேன். அப்புறம் எது காப்பாத்துச்சு?

ட்ராக்ல அணைக்கலாமா, ரோட்ல எப்போதும் போட்டே வைக்கணுமா, நடுவுல இருக்குற விஎஸ்சி ஸ்போர்ட் எதுக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மூன்றாம் கியர்:

ட்ராக்குக்குப் போறதே காடியோட முழுத் திறமையைப் பார்க்கத்தான் ப்ரோ. அணைச்சிடுங்க. 86-ல ரெண்டு பின் சக்கரத்துக்கும் பவரைப் பங்கிடுற டோர்சன் டிஃபரன்ஷியல் இருக்கு, 200 குதிரைதான், ஆளைத் தூக்கிப் போடுற பவர் கிடையாது. எஃப்1-லயே 2008-லேர்ந்து டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்குத் தடை. ஓட்டத் தெரிஞ்சா போதும்.

ஈப்போ பட்டறை:

தம்பி, அணைக்கிறது இருக்கட்டும். அதுக்கு முன்னாடி நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

விளக்கு எல்லா வளைவிலும் மினுக்குதா, இல்ல சிலதுல மட்டுமா? வளைவு நம்பரைச் சொல்லுங்க. பின் பேட் ரெண்டு பக்கமும் ஒரே அளவா தேஞ்சிருக்கா? ரெண்டாவது ட்ராக் டேக்கும் மூணாவதுக்கும் நடுவுல காடிக்கு ஏதாச்சும் வேலை பார்த்தீங்களா? நேர் ரோட்ல போகும்போது ஸ்டீயரிங் சக்கரம் நேரா நிக்குதா?

புதுசா ஒரு தொந்தரவு வந்துச்சுன்னா காரணமும் புதுசா இருக்கணும். முதல் ரெண்டு தடவை சும்மா இருந்த கம்ப்யூட்டர் மூணாவது தடவை வேணும்னே வம்பு பண்ணாது.

ரவாங் 86:

அண்ணே, போன்ல எடுத்த வீடியோவை உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றா பார்த்தேன். அஞ்சு, ஒன்பது, பன்னிரண்டு, பதினஞ்சு. ரெண்டுலயும் சில தடவை. மத்ததுல அநேகமா இல்லை.

பேட் அளந்தேன். பின்னால இடதுல 4 மில்லிமீட்டர் மீதி இருக்கு, வலதுல 6.

நடுவுல முன்பக்க லோவர் ஆர்ம் புஷ் மாத்தி அலைன்மென்ட் பண்ணினேன். ஸ்டீயரிங்… நீங்க கேட்ட பிறகுதான் கவனிச்சேன். நேரா போகும்போது கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சுதான் நிக்குது. காடி ஒரு பக்கமா இழுக்கல, அதனால கண்டுக்கல.

ஈப்போ பட்டறை:

நீங்க சொன்ன அஞ்சும் இடது வளைவு. செப்பாங்ல மொத்தம் பதினஞ்சு வளைவு, அதுல பத்து வலது, அஞ்சுதான் இடது. அந்த அஞ்சையும் அப்படியே எழுதியிருக்கீங்க.

பேட் கணக்கையும் பாருங்க. காடியோட மூக்கு வெளிய தள்ளுதுன்னு நினைச்சா விஎஸ்சி உள்பக்கத்துப் பின் சக்கரத்தைப் பிடிக்கும். வலது வளைவு இவ்வளவு இருக்குற ட்ராக்ல வலது பேட்தான் முதல்ல தேயணும். உங்களுக்கு இடது தேஞ்சிருக்கு. ஸ்டீயரிங்கை நேராக்காம அலைன்மென்ட் பண்ணி அனுப்பியிருக்காங்க. நீங்க அஞ்சு டிகிரி திருப்பினா ஸ்டீயரிங் கோணத்தை அளக்குற சென்சார் பன்னிரண்டுன்னு படிக்கும். "இவர் இன்னும் அதிகமா இடது கேட்கிறார், காடி திரும்பல"ன்னு அது முடிவு பண்ணுது.

டை ராடை (ஸ்டீயரிங்கை முன் சக்கரத்தோட இணைக்கிற கம்பி) ரெண்டு பக்கமும் சமமா திருப்பி ஸ்டீயரிங்கை நேராக்கச் சொல்லுங்க. அப்புறம் ஸ்கேனர் போட்டு ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாருக்கு பூஜ்யம் வைக்கச் சொல்லுங்க. இந்த ரெண்டாவது வேலையை நிறைய இடத்துல விட்டுடறாங்க. கூடவே நின்னு பாருங்க, ஸ்கேனர் திரையில பூஜ்யம் தெரியுதான்னு.

பினாங்கு பொறியாளர்:

பட்டறை அண்ணன் சொன்னது சரி. பிரேக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் வேலை செய்தவன் என்ற முறையில் அதன் காரணத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

இந்த அமைப்பு இரண்டு படங்களை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஸ்டீயரிங் கோணமும் வேகமும் சேர்ந்து, ஓட்டுநர் எங்கே போக விரும்புகிறார் என்ற படத்தைத் தருகின்றன. கார் தன் செங்குத்து அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அளக்கும் சென்சாரும், பக்கவாட்டு விசையை அளக்கும் சென்சாரும், அது உண்மையில் எங்கே போகிறது என்று காட்டுகின்றன. இரண்டும் விலகினால் இஞ்சினை அடக்கி, ஒரே ஒரு சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். மூக்கு வெளியே தள்ளினால் உள்பக்கப் பின் சக்கரம். வால் வெளியே போனால் வெளிப்பக்க முன் சக்கரம். நமக்கு ஒரு மிதிதான் உண்டு, நான்கு சக்கரத்தையும் தனித்தனியே பிடிக்க எந்த ஓட்டப் பந்தய வீரராலும் முடியாது.

உலு யாமில் உங்களைக் காப்பாற்றியது இதுதான். உங்கள் மாடலில் டிஆர்சி ஆஃப் பட்டனை ஒரு தட்டு தட்டினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும்தான் விலகும், அதுவும் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தானே திரும்பிவிடும். விஎஸ்சி அப்படியே விழித்திருக்கும். முழுவதும் அணைய வேண்டுமானால் கார் நிற்கும்போது மூன்று நொடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். அன்று அப்படிச் செய்திருந்தால் அந்த வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிடிக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் இருக்கும், ஆனால் ஏபிஎஸ் வாலை இழுத்து உள்ளே போடாது.

இது 1995-ல் போஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் சேர்ந்து எஸ்-கிளாஸில் கொண்டுவந்த தொழில்நுட்பம். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்கள் நினைவில் வைக்க வேண்டியது ஆடி டிடியின் கதை. 1998-ல் அது வந்தபோது இந்த அமைப்பு இல்லை. ஜெர்மன் ஆட்டோபானில் மிக வேகமாகப் போகையில் வளைவில் காலை எடுத்ததும் வால் பிடி விட்டு, உயிரிழப்புகள் நடந்தன. பிறகு சஸ்பென்ஷனை மாற்றி, பின்னால் ஸ்பாய்லர் வைத்து, ஈஎஸ்பியும் (விஎஸ்சியின் இன்னொரு பெயர்) சேர்த்தார்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களும் அந்தக் காரில் இருந்திருப்பார்கள். அமெரிக்காவில் தனிக் கார் மட்டும் சிக்கும் உயிரிழப்பு விபத்துகளை இந்த அமைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததாக ஆய்வுகள் சொல்கின்றன.

மூன்றாம் கியருக்கு: எஃப்1 பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் ஜிடி3 பந்தயக் கார்களில் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் ஏபிஎஸ்ஸும் இருக்கின்றன. ஓட்டுநர் அவற்றை அளவு கூட்டிக் குறைத்து வேகமாகப் போகிறார். விதி அனுமதித்தால் பந்தயக்காரர்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் கியர்:

டிடி கதை எனக்குத் தெரியாது. ரோட்டுக்கு நான் சொல்லல, ட்ராக்குக்கு மட்டும்தான் சொன்னேன். ஆனா சென்சார் தப்பாப் படிக்கும்போது அணைச்சிருந்தா பிரச்சினையே தெரியாம போயிருக்கும், அதை ஒத்துக்குறேன்.

நிலா எம்எக்ஸ்5:

தம்பி, நான் செப்பாங்ல புதுசா வர்றவங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவள். உங்க மூணு கேள்விக்கும் என் அனுபவத்துல பதில்.

ரோட்ல போட்டே வைங்க. அதுல பேச்சே இல்லை. புல் மைதானத்துல நிறுத்தி மழையில சேறு பிடிச்சு சக்கரம் சுத்துதுன்னா டிஆர்சியை ஒரு தட்டு தட்டி வெளிய வாங்க, வந்ததும் திரும்பப் போடுங்க. மலை ரோட்ல அடுத்த வளைவுக்குப் பின்னால ஈர இலை கிடக்கா, மோட்டார் சைக்கிள் வருதான்னு நமக்குத் தெரியாது. தண்ணி தேங்கின இடத்துல டயர் மிதந்துட்டா விஎஸ்சி இருந்தும் பயனில்லை, பிடிப்பே இல்லாத சக்கரத்தை அது எப்படிப் பிடிக்கும்? அதனால டயர் பட்டன் ஆழத்தையும் பாருங்க. சட்டத்துக்கு 1.6 மில்லிமீட்டர் போதும், நம்ம ஊர் மழைக்கு நான் 3-க்குக் கீழ விடமாட்டேன்.

ட்ராக்ல, காய்ஞ்ச தரைன்னா, உங்க நிலைக்கு விஎஸ்சி ஸ்போர்ட். வால் கொஞ்சம் அசைய விடும், ரொம்பப் போனா பிடிச்சுக்கும். இதுல ஓட்டும்போது விளக்கைத் திட்டாதீங்க, அதுதான் உங்க வாத்தியார். எந்த வளைவுல, எந்த இடத்துல மினுக்குதுன்னு ஒவ்வொரு செஷன் முடிஞ்சதும் எழுதுங்க. வெளிய வரும்போது மினுக்கினா, பெரும்பாலும் ஸ்டீயரிங் இன்னும் மடங்கியிருக்கும்போதே காலை இறக்கிட்டீங்கன்னு அர்த்தம். கை எவ்வளவு நேராகுதோ கால் அவ்வளவு இறங்கணும். ரெண்டையும் ஒரு கயிறால கட்டின மாதிரி நினைச்சுக்குங்க. நுழையும்போது மினுக்கினா வேகம் அதிகம், இல்லன்னா பிரேக்கைப் பட்டுன்னு விட்டுட்டீங்க. பதினாலாவது வளைவுல இது ரொம்ப நடக்கும், அங்க பிரேக் பிடிச்சுக்கிட்டே வலது திரும்பணும்.

முழுசா அணைக்கிறது எப்போன்னா, ஸ்போர்ட்ல அஞ்சாறு செஷன் ஓட்டி, விளக்கு மினுக்காமலேயே அதே நேரத்துல சுற்றை முடிக்க முடியுதுன்னா. அப்பவும் பக்கத்துல ஒருத்தர் இருக்கணும், தரை காய்ஞ்சிருக்கணும், டயர் சூடாகியிருக்கணும். முதல்ல ஒன்பதாவது வளைவு மாதிரி மெதுவான இடத்துலதான் பழகணும். அஞ்சு, ஆறு, பன்னிரண்டு எல்லாம் வேகமான இடம், அங்க வால் போனா யோசிக்க நேரம் கிடையாது. மழை ஒரு துளி விழுந்தாலும் எல்லாத்தையும் திரும்பப் போட்டுடுங்க. வளைவு ஓரத்துல பெயின்ட் அடிச்ச கட்டை ஈரத்துல சோப்பு மாதிரி.

நண்பர் காடியைப் பார்த்து உங்க காடியை எடை போடாதீங்க. போர்ஷேல அணைச்சு வச்சிருந்தாலும் ஏபிஎஸ் வேலை செய்யுற அளவுக்கு ஓங்கி பிரேக் பிடிச்சா பிஎஸ்எம் (போர்ஷேல விஎஸ்சிக்குப் பேர்) உதவிக்கு வரும். அது எல்லாக் காடியிலும் நடக்கும்னு நம்பி ஒருத்தர் சரளை மண்ணுக்குள்ள போனதை நான் பார்த்திருக்கேன்.

அந்த உலு யாம் பயத்தை மறக்கணும்னு நினைக்காதீங்க. தங்கச்சி பக்கத்துல இருந்ததை நீங்களே எழுதினீங்க. அது போதும்.

ரவாங் 86:

பத்து நாள் கழிச்சு எழுதறேன்.

வேற பட்டறைக்குப் போய்க் கூடவே நின்னேன். நேர் ரோட்ல ஓட்டிக்கிட்டே ஸ்கேனர்ல பார்த்தா ஸ்டீயரிங் கோணம் இடது 7 டிகிரி காட்டுச்சு. அண்ணன் குத்துமதிப்பா சொன்ன கணக்கு அப்படியே வந்திடுச்சு. டை ராட் சரி பண்ணி, பூஜ்யம் வச்சு, திரும்ப ஓட்டிப் பார்த்தோம். பின் பேட் ரெண்டு பக்கமும் புதுசு போட்டாச்சு.

சனிக்கிழமை செப்பாங் போனேன், விஎஸ்சி ஸ்போர்ட்ல. அஞ்சு, பன்னிரண்டு ரெண்டுலயும் ஒரு தடவைகூட விளக்கு வரல. பவர் வெட்டாம போகும்போது இது என் காடிதானான்னு இருந்துச்சு. ஒன்பதுலயும் பதினஞ்சுலயும் சில தடவை மினுக்குச்சு, வீடியோல பார்த்தா அக்கா சொன்னதேதான், கை மடங்கியிருக்கும்போதே கால் இறங்கியிருக்கு. கடைசி செஷன்ல பதினஞ்சுல மூணு சுற்று மினுக்காம வந்தேன். மூணு மணிக்கு மழை பிடிச்சுது. பிட்ல நிறுத்தி எல்லாத்தையும் போட்டுட்டு ரெண்டு சுற்று மெதுவா போய்ட்டு ஏறக்கட்டிட்டேன்.

மூணு நொடி அமுக்குறதை இப்போதைக்குத் தொடல. அக்கா, அடுத்த ட்ராக் டேக்கு உங்ககிட்ட ஒரு செஷன் கேட்டு மெசேஜ் போட்டிருக்கேன்.

ஈப்போ பட்டறை:

சந்தோஷம் தம்பி. வர்ற ட்ராக் டே முடிஞ்சதும் பேட் நாலையும் அளந்து இங்கயே எழுதுங்க. இப்ப வலது முதல்ல தேஞ்சா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்.