‘ஆன் டூஸ்’ தமிழில் எப்படி? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

பாடக்குறிப்பு எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அனிமேஷன் முதலாண்டு மாணவர்களுக்கு ‘ஸ்பைடர்-மேன்: இன்ட்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தை வைத்துத் தமிழில் ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம் (தனிப்படம்). ஒவ்வொரு ஃப்ரேமிலும் பாத்திரத்தின் நிலையை மாற்றினால் ‘ஆன் ஒன்ஸ்’. ஒரே நிலையை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 நிலைகள் மட்டும் காட்டினால் ‘ஆன் டூஸ்’. கையால் வரைந்த காலத்தில் பாதி வேலை மிச்சம் என்பதால் டூஸ்தான் புழக்கம். கணினி வந்த பிறகு ஒன்ஸே வழக்கமாகிவிட்டது. இந்தப் படக்குழு தெரிந்தே பழைய முறைக்குத் திரும்பியது. காட்டுக்குள், புதிதாக ஸ்பைடர்-மேன் ஆன சிறுவன் மைல்ஸும் அனுபவசாலி பீட்டர் பி. பார்க்கரும் வலை வீசித் தாவும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பீட்டர் ஒன்ஸில் வழுக்கிக்கொண்டு போகிறார். பக்கத்திலேயே மைல்ஸ் டூஸில் வெட்டி வெட்டிப் போகிறான். பையனுக்கு இன்னும் வித்தை பிடிபடவில்லை என்பதற்கு வசனமே தேவைப்படவில்லை. படம் முடிவதற்குள் அவனும் ஒன்ஸுக்கு வந்துவிடுகிறான்.

இந்த இரண்டுக்கும் ஜோடியாகச் சொல் வேண்டும். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது.

---

செல்லுலாய்டு எழுதியது:

சார், ஸ்டூடியோவில் யாரும் இதற்குத் தமிழ் தேடுவதில்லை. ‘இந்த ஷாட்ட டூஸ்ல போடு’, ‘இந்த போஸ ஹோல்ட் பண்ணு’, அவ்வளவுதான். உங்கள் மாணவர்கள் நாளை எங்களிடம்தான் வேலைக்கு வரப்போகிறார்கள். ‘ஆன் டூஸ்’ என்றே எழுதிவிட்டு அடைப்புக்குள் விளக்கம் கொடுங்கள்.

ஒரு சேர்க்கை. டூஸ் மட்டும் தனியாக நின்று வேலை செய்யவில்லை. வேகத்தில் உருவம் கலங்கித் தெரியும் மோஷன் ப்ளரையும் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு ஃப்ரேமையும் நிறுத்திப் பார்த்தால் அச்சடித்த காமிக்ஸ் கட்டம் மாதிரி கூர்மையாக இருக்கிறது. மேலே புள்ளிப் புள்ளியாக அச்சுமை, வண்ணங்கள் லேசாகத் தடம் மாறி விழுந்த தோற்றம், முகங்களில் கையால் போட்ட கோடு. பாடத்தில் இதையும் சேருங்கள்.

---

இமைநொடி எழுதியது:

> ஜோடியாகச் சொல் வேண்டும்

தேடவே வேண்டாம் ஐயா. தொல்காப்பிய எழுத்ததிகாரம் தொடக்கத்திலேயே இருக்கிறது.

கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை
நுண்ணிதின் உணர்ந்தோர் கண்ட வாறே

மாத்திரை என்பது எழுத்து ஒலிக்கும் கால அளவு. ஒரு ஃப்ரேம் ஒரு மாத்திரை என்று வையுங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அப்படியானால் ஒன்ஸ் ‘குறில் நடை’, டூஸ் ‘நெடில் நடை’. பீட்டர் குறிலில் ஓடுகிறார், மைல்ஸ் நெடிலில் தயங்குகிறான். ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு படத்தை மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்துவது சாதாரணம். அதற்கும் இடம் இருக்கிறது. ‘மூவளபு இசைத்தல் ஓரெழுத் தின்றே’, அதாவது தனி எழுத்து எதுவும் மூன்று மாத்திரை ஒலிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, நீட்டம் வேண்டினால் கூட்டி எழுப்பிக்கொள் என்கிறார் தொல்காப்பியர். த்ரீஸ் என்பது அளபெடை!

இன்னும் கேளுங்கள். மாத்திரைக்கு அளவு சொல்லும் பழம்பாட்டில் ‘உன்னல் காலே, ஊன்றல் அரையே, முறுக்கல் முக்கால், விடுத்தல் ஒன்றே’ என்று வருகிறதே, அது என்ன? விரலைச் சொடுக்க நினைப்பது கால், ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுவது ஒன்று. ஒரு சொடுக்கை நான்கு கீ-போஸாக (முக்கிய நிலைகளாக) பிரித்து, ஒவ்வொன்றும் எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்று காலம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அசைவுக்கு முன் உடம்பு பின்வாங்குவதை அனிமேஷன்காரர்கள் தனிப் பாடமாக நடத்துகிறார்கள். அதற்கு ‘உன்னல்’ என்பதைவிட நல்ல சொல் எது?

---

செல்லுலாய்டு எழுதியது:

உன்னல் அருமை, நாளைக்கே ஸ்டூடியோவில் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் கணக்கு உதைக்கிறது. ஒரு பாத்திரம் கண் இமைக்க நாங்கள் ஐந்தாறு ஃப்ரேம் கொடுக்கிறோம். கண்ணிமைப்பொழுது ஒரு மாத்திரை என்றால், ஒரு ஃப்ரேம் எப்படி ஒரு மாத்திரை ஆகும்?

---

யாழ்வாசகி எழுதியது:

இமைநொடி அண்ணை, குறை நினைக்காதேங்கோ. மாத்திரை எண்டால் பிள்ளைகளுக்கு பனடோல் குளிசைதான் ஞாபகம் வரும். ‘மைல்ஸுக்கு இரண்டு மாத்திரை, பீட்டருக்கு ஒன்று’ என்று பாடத்தில் எழுதினால் வகுப்பு சிரித்தே முடிந்துவிடும்.

ஒற்றைப்படி, இரட்டைப்படி என்றால் என்ன? ஒவ்வொரு படியாக ஏறுவது, இரண்டிரண்டு படியாகத் தாவுவது.

---

மெய்ப்பு எழுதியது:

இரட்டைப்படி என்றால் எங்கள் அலுவலகத்தில் விடுமுறை நாளில் வேலைக்கு வந்ததற்குக் கொடுக்கும் காசு. ஒரு எழுத்து பிசகினால் இரட்டைப்படை எண் ஆகிவிடும், ஆன் டூஸ் என்றால் 2, 4, 6ஆம் ஃப்ரேம்கள் என்று மாணவர் எழுதி வைப்பார். வேண்டாம் அம்மா.

---

வேர் எழுதியது:

மாத்திரை வடசொல் என்பதை யாருமே கவனிக்கவில்லையா? பக்கத்து நூற்பாக்களைப் பாருங்கள். ‘ஓரளபு இசைக்கும் குற்றெழுத் தென்ப’, ‘ஈரளபு இசைக்கும் நெட்டெழுத் தென்ப’. அளபு! இதைவிடக் கையில் கொண்டுவந்து கொடுக்க முடியுமா? ஆன் ஒன்ஸ் ஓரளபு, ஆன் டூஸ் ஈரளபு, ஆன் த்ரீஸ் மூவளபு. அள் என்னும் வேரிலிருந்து அளத்தல், அளவு, அளபு. உப்பளத்தின் அளமும் இதிலிருந்தே வந்தது என்பது என் துணிபு. அளந்து பாத்தி கட்டிய நிலம் அது. ஃப்ரேம் என்பதும் காலத்தில் கட்டிய பாத்திதான். ஆகவே ஃப்ரேமையே ‘அளம்’ எனலாம்.

---

இமைநொடி எழுதியது:

மாத்திரை வடசொல் என்று யார் முடிவு செய்தது? ‘மா’ நம் கீழ்வாயிலக்கம் (பின்ன எண்), இருபதில் ஒரு பங்கு. அந்த மாவிலிருந்து ஏன் வந்திருக்கக் கூடாது?

---

மெய்ப்பு எழுதியது:

நொடிக்கு 24 ஃப்ரேம் ஐயா, 20 அல்ல. உப்பளத்தைத் தூத்துக்குடியிலேயே விட்டுவிடலாம். ‘ஓரளபு’ என்று நான் அச்சுக்கு அனுப்பினால், அடுத்த மேசையில் இருப்பவர் பிழை என்று நினைத்து ‘ஓரளவு’ ஆக்கிவிடுவார். ‘பீட்டர் ஓரளவு ஓடுகிறார்’ என்று வரும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், இது நடக்கும்.

---

விருதுப்பித்தன் எழுதியது:

சொல் ஒருபுறம் இருக்கட்டும். ஆஸ்கர் வாங்கிய முதல் சூப்பர் ஹீரோ அனிமேஷன் என்பதைப் பாடத்தில் கட்டாயம் போடுங்கள். கோல்டன் குளோப், பாஃப்டா, அனிமேஷன் துறையின் ஆன்னி விருதுகளில் ஏழு என்று அந்த ஆண்டு எதையும் விட்டுவைக்கவில்லை.

---

செல்லுலாய்டு எழுதியது:

முதல் படம் அல்ல. ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ 2004க்கான ஆஸ்கரை வாங்கிவிட்டது, ‘பிக் ஹீரோ 6’ 2014க்கானதை. இதன் சாதனை வேறு. 2011க்கு ‘ரேங்கோ’ வென்ற பிறகு ஆறு ஆண்டுகள் தொடர்ந்து டிஸ்னியோ பிக்ஸாரோதான் எடுத்துப் போனார்கள். இந்தப் படத்தை எடுத்த சோனி அந்த வரிசையை உடைத்தது, அதுவும் ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ எதிரில் நிற்கும்போது. மூன்று இயக்குநர்களில் ஒருவரான பீட்டர் ராம்சி, இந்தப் பிரிவில் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். போடுவதானால் இதைப் போடுங்கள்.

---

யாழ்வாசகி எழுதியது:

2023இல் வந்த இரண்டாம் படம் இதைவிட நுணுக்கம். ஒவ்வொரு உலகத்துக்கும் தனி வரைமுறை. ஆனால் ஆஸ்கர் ஜப்பானிய இயக்குநர் மியாசாகிக்குப் போய்விட்டது. எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

---

விருதுப்பித்தன் எழுதியது:

அந்த இரண்டாம் ஸ்பைடர் படம் இந்தியாவில் தமிழ் உட்படப் பத்து மொழிகளில் வந்தது. பேச்சைத் தமிழாக்கியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்திருக்கிறார்கள். நாம் இரண்டு சொல்லுக்கு இங்கே குத்துச்சண்டை போடுகிறோம். சரி, சூப்பர் ஹீரோவுக்குத் தமிழ் என்ன? மீநாயகனா, அதிநாயகனா?

---

மட்டுறுத்துநர் எழுதியது:

அது வேறு இழை. தயவுசெய்து இங்கே தொடங்க வேண்டாம்.

செல்லுலாய்டு முதல் மடலில் ‘ஹோல்ட் பண்ணு’ என்றார். எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டோம். ஒரு நிலையை எத்தனை ஃப்ரேமுக்குப் பிடித்து வைக்கிறோம் என்பதுதானே விஷயம்? ‘ஒற்றைப் பிடி’, ‘இரட்டைப் பிடி’. மருந்துக்கடை நினைவு வராது, அச்சில் திருத்தப்படாது. ‘இந்த ஷாட்ட ரெட்டைப் பிடியில போடு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், வருகிறது.

---

செல்லுலாய்டு எழுதியது:

கபடி வாசனை அடிக்கிறது. பரவாயில்லை, எனக்குச் சம்மதம். ஃப்ரேமை மட்டும் ஃப்ரேம் என்றே விட்டுவிடுங்கள்.

---

மெய்ப்பு எழுதியது:

சம்மதம். ‘ஒற்றைப்பிடி’ என்று சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் வரிக் கடைசியில் உடையும்.

---

யாழ்வாசகி எழுதியது:

நானும் ஓம். பிடி நல்லாத்தான் இருக்கு.

---

இமைநொடி எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பிடி என்பது செய்கையைச் சொல்கிறது, காலத்தைச் சொல்லவில்லை. மைல்ஸின் தடுமாற்றம் முழுக்கக் காலத்தில் இருக்கிறது. ‘உன்னல்’ மட்டுமாவது பாடத்தில் இடம்பெறுமா?

---

பாடக்குறிப்பு எழுதியது:

உன்னல் இடம்பெறும் ஐயா, பாட்டோடு சேர்த்தே. ‘ஒற்றைப்பிடி’, ‘இரட்டைப்பிடி’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘ஆன் ஒன்ஸ்’, ‘ஆன் டூஸ்’ என்று அடைப்புக்குள் கொடுத்திருக்கிறேன். கோப்பு போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

---

வேர் எழுதியது:

குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போது என் மறுப்பையும் பதிய வேண்டும். ‘இரட்டைப்பிடி’க்கு நேரே ‘காண்க: ஈரளபு’ என்று ஒரு வரி போதும்.

கூடவே ஒரு கேள்வி. ஆன் த்ரீஸுக்கு என்ன செய்வதாக உத்தேசம்? முப்பிடி என்று எழுதினால் தென்காசிப் பக்கத்தில் முப்பிடாதி அம்மனைத்தான் கும்பிடுவார்கள். மூவளபு தயாராக இருக்கிறது.