சிக்னல் செயின்: சங்கிலியா, கட்டுவரிசையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

காரைக்குடியிலிருந்து வணக்கம். பேஸ் கிதாருக்குப் பெடல்களை, அதாவது காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டிகளை, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைக்கும் ஒழுங்குக்கு சிக்னல் செயின் என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதற்கு ‘குறிகைச் சங்கிலி’, ‘மிதித்தொடர்’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. பெடலை ‘மிதி’ என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. சங்கிலிதான் உறுத்துகிறது.

சங்கிலியில் எல்லாக் கண்ணியும் ஒன்றுபோலத்தான். மூன்றாவதைக் கழற்றி ஏழாவது இடத்தில் மாட்டினாலும் அது அதே சங்கிலி. பெடலில் இடம் மாறினால் ஒலியே மாறிவிடுகிறது.

என்னிடம் பேஸ் பழகும் தம்பி ஒருவன் போன மாதம் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலை முன்னாலும், கீழ் ஸ்தாயியைச் சேர்க்கும் ஆக்டேவரை அதற்குப் பின்னாலும் வைத்துக்கொண்டு வந்தான். டி கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டைப் பிடித்து வாசித்தால், கீழ் ஸ்தாயி ஓரிடத்தில் நிற்காமல் விக்கி விக்கித் தாவியது. “பெடல் போயிருச்சாண்ணே?” என்றான். பெடலில் ஒரு பழுதும் இல்லை. வருகிற சுரம் எது என்று பிடித்து, அதன் அதிர்வெண்ணைப் பாதியாக்கிக் கொடுப்பது ஆக்டேவரின் வேலை. அதற்குத் தெளிவான ஒற்றைச் சுரம் வேண்டும். ஃபஸ்ஸோ அலையின் உச்சியை வெட்டி, மேல்சுரங்களை அள்ளிக் கொட்டிவிடுகிறது. அந்த நெரிசலில் ஆக்டேவர் எதைப் பிடிக்கும்? கேபிள்களை உருவி இரண்டையும் இடம் மாற்றினேன். அவன் பிடித்த 110 ஹெர்ட்ஸ் சுரத்துக்குக் கீழே 55 ஹெர்ட்ஸ் அசையாமல் வந்து உட்கார்ந்தது.

அவனுக்கு விளக்கும்போதுதான் இந்தச் சொல் வாயில் வந்தது. நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு, நடுவில் முற்றம் வைத்த வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. வாசலில் நின்றால் பின்வாசல் வரைக்கும் கதவுகள் ஒரே நேர்கோட்டில் தெரியும். ஆனாலும் வந்தவரை உட்காரவைக்க முகப்பு, சடங்குக்கு வளவு, பந்திக்கு இரண்டாங்கட்டு, சமையலுக்குப் பின்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. அடுப்பை யாரும் முகப்பில் கொண்டுவந்து வைப்பதில்லை. “ஆக்டேவர் வளவுல, ஃபஸ் இரண்டாங்கட்டுல” என்றேன். அதற்குமேல் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘கட்டுவரிசை’. ஒவ்வொரு பெடலின் இடமும் ஒரு கட்டு. எண்ணும் வரிசையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. முன்கட்டு, பின்கட்டு என்று பேசவும் வசதி. ‘என்வலப் ஃபில்டருக்குப் பின்கட்டில் கம்ப்ரஸர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். விரல் எவ்வளவு அழுத்தமாகத் தட்டுகிறதோ அவ்வளவு திறக்கும் அந்த ஃபில்டர். கம்ப்ரஸர் முன்னால் நின்று எல்லாத் தட்டலையும் சமன் செய்துவிட்டால் அது திறப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்? சுருதி பார்க்கும் ட்யூனர் முகப்பில், ஒலியை விரிக்கவும் எதிரொலிக்கவும் வைக்கும் கோரஸும் டிலேயும் ரிவெர்பும் கடைசியில் என்பது பொதுவான வழக்கம். அதில் தகராறு இல்லை.

‘கட்டு’ என்றால் விறகுக்கட்டு, காயக்கட்டு என்று பல பொருள் வருமே என்று கேட்பீர்கள். வரிசை என்ற சொல் ஒட்டியிருப்பதால் குழப்பம் வராது. சுருதி சொல்லும் ‘கட்டை’ வேறு, இது வேறு.

எனக்கே முடிவாகாதது ஒன்று இருக்கிறது. பேஸில் ஒலியை முறுக்கிக் கரகரப்பாக்கும் டிரைவ் பெடல் போட்டால் அடிநாதம் மெலிந்துவிடுவதுண்டு. ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் கனத்தைக் காப்பாற்ற, தெளிந்த ஒலியில் ஒரு பங்கைப் பெடலுக்குள் விடாமல் பக்கமாக நடத்தி, வெளியே வரும்போது கலக்கிறோம். இந்தப் பக்கவழிக்கு என்ன பெயர்? வளவில் மழை கொட்டும்போது முற்றத்தில் இறங்காமல், நனையாமல், தாழ்வாரத்தோடு நடந்து அடுத்த கட்டுக்குப் போவோமே, அதுவேதான் இது. ‘தாழ்வாரம்’ என்றே வைத்துவிடலாமா? கலவைத் திருகைக் கூட்டினால் ‘தாழ்வாரம் கூட்டு’ என்று மேடையில் சொல்ல முடியுமா என்று பேஸ் வாசிப்பவர்கள் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். தேவகோட்டைப் பக்கம் அந்த நடைக்கு வேறு பெயர் புழங்கினால் அதையும் சொல்லுங்கள்.